ஹைட்ரஜன் காருக்கு முன்னாடி யூரியா மூட்டை

ஹைட்ரஜன் கார் வீடியோவை அனுப்பி, "பாருங்க அண்ணாச்சி, புகையே இல்ல, பின்னாடி தண்ணிதான் சொட்டுது"ன்னு சென்னை நண்பர்கள் சொல்றீங்க. உண்மைதான். ஃப்யூயல் செல்லுங்கிறது ஹைட்ரஜனையும் காத்துல இருக்கிற ஆக்சிஜனையும் சேர வச்சு கரண்ட் எடுக்கிற பெட்டி. எதையும் எரிக்காததால புகை கிடையாது.

ஆனா அந்த ஹைட்ரஜனுக்குக் கிணறு எங்கயும் வெட்டி வைக்கல. தண்ணியைப் பிரிச்சு ஒரு கிலோ எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் வேணும். அதையே ஃப்யூயல் செல்லுல போட்டா திரும்ப வர்றது 16, 17 யூனிட். மூணு படி விதைச்சு ஒரு படி அறுக்கிற வெள்ளாமை இது. பேட்டரி கார்ல இவ்வளவு சேதாரம் இல்ல. கப்பல், தூரம் போற லாரி மாதிரி பேட்டரி கனம் தாங்காத இடத்துக்கு ஃப்யூயல் செல் ஆராய்ச்சி நடக்கட்டும். சொந்தக் காருக்கு எதுக்கு?

ஹைட்ரஜன் உங்களுக்குத்தான் புதுசு. நாங்க மூட்டை மூட்டையா வாங்கி வயல்ல போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். யூரியாவுக்கு அம்மோனியா வேணும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும். 45 கிலோ மூட்டைக்கு கணக்குப் போட்டா சுமார் நாலரை கிலோ. இன்னைக்கு அது இயற்கை எரிவாயுவுல இருந்து வருது, அதுலயும் பெரும்பங்கு கப்பல்ல வர்ற எரிவாயு. வெளிநாட்டுல சண்டை வந்து எரிவாயு விலை ஏறினா அரசாங்கத்தோட மானியச் செலவும் கூடவே ஏறுது.

2023-ல மத்திய அரசு பசுமை ஹைட்ரஜனுக்கு 19,744 கோடி ஒதுக்குச்சு. 2030-க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் எடுக்கணுமாம். அதுல முதல் பங்கு உர ஆலைக்குப் போகணும்ங்கிறது என் கட்சி.

விலைதான் இடிக்குது. நாலரை கிலோவுக்கு 225 யூனிட். யூனிட் 3 ரூபாய்னு வச்சாலே கரண்டுக்கு மட்டும் 675 ரூபாய். மூட்டையை நாங்க வாங்குறது 266 ரூபாய் 50 காசுக்கு. இந்த இடைவெளியை அரசாங்கம் ஏத்துக்கணும், எங்க தலையில கட்டக் கூடாது.

இன்னொண்ணு தண்ணி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒம்பது லிட்டர் நல்ல தண்ணி போகும். 50 லட்சம் டன்னுக்கு 4,500 கோடி லிட்டர். தூத்துக்குடி மாதிரி வானம் பாத்த சீமையில ஆலை வந்தா கடல் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் எடுக்கணும். தாமிரபரணியில குழாய் போடப் போறோம்னு வந்தா நானே முதல் ஆளா மனு எழுதுவேன்.