தாழ்மை யாருக்கு உரைக்கப்பட்டது?

சிறு பிள்ளையைப் போல் மாறாதவன் விண்ணரசில் புக முடியாது என்பது இயேசு பெருமானின் போதனை. கிறிஸ்தவ வாழ்வின் வாசற்படியே அதுதான். அதனை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்தப் போதனை நம் தோட்டப்புறச் சபைகளில் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது, எதற்காகச் சொல்லப்படுகிறது என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கேட்பது அகந்தை என்று சிலர் கூறுவர். கூறட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை மாலை, லயத்து வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வீட்டில் இருந்தவை இரண்டு நாற்காலிகள். ஒன்றில் போதகர் அமர்ந்தார். மற்றொன்று கிராணிக்கு விடப்பட்டது. காலை முதல் கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் பாயில் நெருங்கி உட்கார்ந்தனர். பிள்ளைகள் சத்தமிடுவார்கள் என்று சொல்லி, அவர்களைப் பனி இறங்கும் வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர்ப் போதகர் அன்றைய பொருளை அறிவித்தார்: சிறு பிள்ளைகளைப் போல் ஆகுங்கள்!

செய்தி முடிந்ததும் ஒரு விதவைத் தாய் எழுந்தார். ஆண்டு முடிவில் அவருக்கு ஓய்வு. வேலை போனால் லயத்து வீடும் போகும். சபையார் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். போதகர் புன்னகையுடன், "அம்மா, பிள்ளை கேள்வி கேட்பதில்லை. தகப்பன் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் காத்திருக்கும். தாழ்மையாய் இருங்கள்" என்றார். அந்தத் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அந்த ஆமெனுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வேதத்தைத் திறந்து பார்ப்போம். மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில், விண்ணரசில் பெரியவன் யார் என்ற கேள்வியோடு வந்தவர்கள் சீடர்கள். பதவிக்கும் முதலிடத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு விடையாகத்தான் ஆண்டவர் ஒரு பிள்ளையை அழைத்து நடுவில் நிறுத்தினார். அக்காலத்தில் பிள்ளைக்கு உடைமை இல்லை; அதிகாரம் இல்லை; சபையில் அதன் சொல் எடுபடுவதும் இல்லை. அப்படிப்பட்ட நிலைக்கு இறங்கி வாருங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த கட்டளை. நாற்காலியில் இருப்பவன் இறங்கலாம். ஏற்கெனவே பாயில் இருப்பவள் எங்கே இறங்குவாள்? அதே அதிகாரத்தில், இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குபவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்னும் கடுமையான எச்சரிக்கையும் உண்டு. சிறு பிள்ளையைப் பற்றி நம் போதகர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். எந்திரக்கல்லைப் பற்றிப் பேசிக் கேட்டது அரிது.

பிள்ளை கேள்வி கேட்பதில்லையாம்! பிள்ளை வளர்த்தவர் எவரும் இதைச் சொல்லத் துணியார். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினவிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பின்னர் அதே ஆலயத்தில் பிள்ளைகள் ஆர்ப்பரித்தபோது, பிரதான ஆசாரியர்கள் எரிச்சலடைந்தார்கள். ஆண்டவரோ பிள்ளைகளின் பக்கம் நின்றார். பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகையில், தீமையில் குழந்தைகளாகவும் சிந்தையில் முதிர்ந்தவர்களாகவும் இருக்கச் சொல்கிறார். பிள்ளை தகப்பனை நம்புவதனால்தான் அவனிடம் அஞ்சாமல் கேட்கிறது. அந்நியனிடம் எந்தப் பிள்ளையும் பசிக்கிறது என்று சொல்வதில்லை. எனவே கேள்வி விசுவாசத்தின் குறைவன்று, விசுவாசத்தின் அடையாளம்.

அப்படியானால் கேள்வி கேளாத அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பிடம் தோட்ட வரலாறு. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, மலாயாவின் வெள்ளைத் துரைமார் தென்னிந்தியத் தொழிலாளியை விரும்பி அழைத்ததற்குக் காரணம் கூறியிருந்தனர்: அவன் அடங்கி நடப்பவன், குழந்தையைப் போன்றவன். மனிதனைக் குழந்தை என்று சொல்லிவிட்டால், அவனுக்காக முடிவு செய்யும் உரிமை துரைக்கு வந்துவிடுகிறது. அந்தத் துரையின் பிள்ளையைத்தான் இன்று நம் மேடைகள் கிறிஸ்துவின் பிள்ளை என்று விற்கின்றன. இரண்டும் ஒன்றன்று. துரையின் பிள்ளை அஞ்சி நிற்கும். கிறிஸ்துவின் பிள்ளை அன்பினால் நிற்கும்.

பழியெல்லாம் வெள்ளையர்மேல் போட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. தாயகத்திலேயே பெரியவன் யார் என்ற கேள்வியைக் கல்லால் கட்டி எழுப்பியவர்கள் நாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்தில், சாதிகள் ஒன்றையொன்று தொடாமல் தொழுவதற்கென்று இடையே சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. அச்சுவருக்குள் முழந்தாளிட்டவர்களும் தாழ்மையைப் பற்றிப் பாடத்தான் செய்திருப்பார்கள்.

உண்மையான தாழ்மைக்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க் ஐயர், டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டவர், கல்வி கற்றவர், இளைஞர். தமிழ் கற்க விரும்பிய அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். சிறுவர்கள் சிரித்திருக்கலாம். அவர் எழுந்து போகவில்லை. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நம் கைக்கு வந்தது அந்த மணலிலிருந்துதான். அதே மனிதர் தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவரோடு முரண்பட்டு 1708இல் தொடங்கி நான்கு மாதம் சிறையிருந்தார் என்பதையும் மறக்கலாகாது. சிறுவர் முன் தாழ்ந்து அமரத் தெரிந்தவருக்கு, அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்கவும் தெரிந்திருந்தது.

மறுபுறம், நகரத்தில் படித்துயர்ந்த நம்மவர் சிலர், தோட்டத்துக் கிழவியின் விசுவாசத்தை அறியாமை என்று எள்ளுகிறார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. இருள் பிரியுமுன் எழுந்து, கூடையைத் தலையில் மாட்டுமுன் கண்மூடி ஒரு நிமிடம் நின்று, வழுக்கும் சரிவில் கால் வைக்கும் அந்த அம்மையாருக்குத் தம் ஆபத்து நன்றாகத் தெரியும். தெரிந்தே நம்புகிறார். அதற்குப் பெயர் அறியாமையன்று, துணிவு. அத்தகைய விசுவாசத்தைப் போதகர் வாய்ப்பூட்டாக்குவதும், படித்தவர் நகைப்புக்குரியதாக்குவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

இன்று காலம் மாறியிருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கிவிட்டன. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதே சரிவுகளில் உழைக்கிறார்கள். கைகள் பறித்த இடங்களில் வெட்டுக்கருவிகள் ஓடுகின்றன. நம்மவரில் சிலர் மேற்பார்வையாளராகவும் கடைக்காரராகவும் உயர்ந்துள்ளனர், மகிழ்ச்சியே. ஆனால் நம் பாட்டனைத் துரை அழைத்த அதே தொனியில், நரைத்த தலையுடைய அயல்நாட்டானை நாம் பையன் என்று அழைக்கிறோமே, அது எந்த வேதத்தில் உள்ளது? நம் தாழ்மைக்குச் சோதனை இங்கேதான். ஆலயத்தில் கண்ணீர் விடுவதில் அன்று.

போதகர்களே, சிறு பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பேசுமுன் வாசலில் குளிரில் நிற்கும் பிள்ளைகளை உள்ளே அழையுங்கள். நாற்காலியைக் கிழவியிடம் கொடுத்துவிட்டுப் பாயில் அமருங்கள். அவர் கேட்ட கேள்விக்கு, விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவரோடு நிர்வாகத்தின் வாசல்வரை நடந்து செல்லுங்கள்.

அந்த விதவைத் தாய் மறு ஆண்டு லயத்தை விட்டு நீங்கினார். எங்கே போனார் என்று எங்கள் சபையில் ஒருவரும் விசாரிக்கவில்லை.