கஞ்சா அட்டை: விற்கப்படுவது மருந்தா, சாட்சியமா?

படிவத்தை நிரப்புங்கள், சில நிமிடங்கள் வீடியோவில் மருத்துவரிடம் பேசுங்கள், மருத்துவக் கஞ்சா அட்டைக்கான சான்று மின்னஞ்சலில் வந்துவிடும். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் இப்படித்தான் இணையத்தில் ஆள் பிடிக்கின்றன. விளம்பரத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ். நம்மை அதிகம் உறுத்துவது இந்த வரிதான்.

அட்டை ஏன் தேவைப்படுகிறது? 1970-ல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், ஏற்கத்தக்க மருத்துவப் பயன் இல்லாத பொருட்களின் முதல் பட்டியலில் கஞ்சாவைச் சேர்த்தது. அதனால் மற்ற மாத்திரைகளுக்கு எழுதுவதுபோல் மருத்துவர் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாமல் போனது. 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து ஒரு மாற்றுவழி கண்டார்கள். மருத்துவர் சீட்டு எழுதமாட்டார், 'இவருக்கு இது பயன்படலாம்' என்று பரிந்துரை மட்டும் செய்வார். பிற மாநிலங்களும் அதே வழியில் போய், பரிந்துரையின் பேரில் அட்டை கொடுக்கத் தொடங்கின. எவ்வளவு, எத்தனை நாள் என்ற விவரம் பெரும்பாலும் அந்தப் பரிந்துரையில் இருக்காது. அதையெல்லாம் கடையில் நிற்பவர் சொல்வார்!

ஆக, மருத்துவர் தருவது ஒரு சாட்சியம். சாதாரண மருத்துவர் 'உங்களுக்கு இந்த மருந்து வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினாலும் அவருடைய கட்டணம் அவருக்கு உண்டு. இங்கே 'ஆம்' என்றால்தான் பணம். வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் மட்டுமே சம்பளம் என்று ஒரு காழியை நியமித்தால் அந்தத் தீர்ப்பை நாம் ஏற்போமா? மருத்துவர் நல்லவராகவே இருக்கட்டும். ஏற்பாடே கோணலாக இருக்கிறதே.

2018-ல் வாக்கெடுப்பு மூலம் சட்டம் கொண்டுவந்த ஓக்லஹோமா மாநிலம், எந்தெந்த நோய்க்கு அட்டை என்ற பட்டியலே வைக்கவில்லை. சில ஆண்டுகளில் அங்கே ஏறக்குறைய பத்தில் ஒருவர் கையில் அட்டை இருந்தது. பத்தில் ஒருவருக்கு வேறு மருந்தே இல்லாத நோயா?

உண்மையான நோயாளிகளை நாம் மறுக்கவில்லை. புற்றுநோய் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கும், பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கும் பலன் உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை ஒப்புக்கொள்கிறது. குழந்தைகளின் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து 2018-ல் அனுமதி பெற்றது. அதை மருந்துச் சீட்டில் வாங்கலாம், அட்டை தேவையில்லை.

அட்டையால் என்ன நடக்கிறது என்பதையே பாஸ்டன் பகுதியில் 186 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. ஒரு சாராருக்கு உடனே அட்டை, மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து. உடனே பெற்றவர்களுக்குத் தூக்கம் ஓரளவு சீரானது. வலியிலும் பதற்றத்திலும் மனச்சோர்விலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆனால் கஞ்சாவுக்கு அடிமையாகும் அறிகுறிகள் அவர்களிடமே அதிகம் காணப்பட்டன, அதிலும் பதற்றத்துக்காகவும் மனச்சோர்வுக்காகவும் அட்டை கேட்டவர்களிடம். மனம் சோர்ந்த இளைஞரைத்தான் அந்த வீடியோ மருத்துவர் சில நிமிடங்களில் அனுப்பிவைக்கிறார்.

நம் ஃபிக்ஹுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ ஹஷீஷ் பற்றித் தனி நூலே எழுதினார். அழுகிய கையை வெட்டுமுன் நோயாளியின் உணர்வை மங்கச் செய்யலாமா என்று முன்னோர்கள் விவாதித்திருக்கிறார்கள். நிர்ப்பந்தம் உண்மையாக இருக்க வேண்டும், தேவையின் அளவைத் தாண்டக்கூடாது, மாற்று மருந்து இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். அதற்குச் சாட்சி சொல்பவர் நம்பகமான மருத்துவராக இருக்க வேண்டும். அட்டைக் கடைகள் விலை பேசுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான்.

அங்கே படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் குடியேற்ற விவகாரம் மத்திய அரசின் கையில். கஞ்சா பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டாலே, நீதிமன்றத் தண்டனை இல்லாமலும், வெளிநாட்டவருக்கு விசாவும் நுழைவும் மறுக்கப்படலாம். மாநிலச் சட்டப்படி பயன்படுத்தியிருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் அது நன்னடத்தைக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதலே வெளியிட்டது. அட்டை அதற்குக் கைவசமுள்ள எழுத்துபூர்வ ஆதாரம். விற்கிற நிறுவனம் இதைச் சொல்லுமென்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளை அட்டை பற்றிப் பேச்செடுத்தால், முதலில் நேரில் பார்த்துப் பரிசோதிக்கும் மருத்துவரிடமும், பிறகு ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் அனுப்புங்கள்.