மாநாட்டுக்கு முன் ஒரு பதிவேடு: வடசென்னையில் வியட்நாமிய ஆய்வுக் கழகம் குறித்து

வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் அமைத்துள்ள மின்வாகனத் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4 அன்று திறந்துவைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அத்தொழிற்சாலை ஒன்றரை ஆண்டுக்குள் எழுந்து நின்றது. வணிகம் இத்துணை விரைவாகக் கடல் கடந்து வருகையில், அந்நாட்டின் மொழியையும் வரலாற்றையும் கற்றுத் தமிழில் எழுதவல்லார் நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் உண்டு. திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்கு ஆசியாவுக்கென மையம் உண்டு. ஆயின் மையம் வேறு, கழகம் வேறு. மையம் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. அதன் ஆசிரியர் ஓய்வுபெற்றால் துறையின் நாட்டமும் மாறிவிடும். கழகமோ பல நிறுவனங்களில் சிதறிக் கிடக்கும் ஆய்வாளர் தாமே கூடி, தம் சந்தாவாலும் உழைப்பாலும் நடத்துவது.

வியட்நாமிய ஆய்வுக்கென அத்தகைய கழகம் ஒன்று தமிழ்ச் சூழலில் வேண்டும் என்பதும், அஃது எங்ஙனம் நடத்தப்படல் வேண்டும் என்பதுமே இக்கருத்துரையின் பொருள். நடத்தும் முறையே இங்கு முதன்மை பெறுகிறது. கழகங்களைத் தோற்றுவிப்பதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். அவற்றைத் தொடர்ந்து நடத்துவதிலேயே நமக்கு இடர்ப்பாடு.

பழைய உறவு

வியட்நாமிய ஆய்வும் தமிழாய்வும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. 1898இல் சைகோனில் தொல்லியல் ஆய்வுக்குழுவாகத் தோன்றி, பின்னர் ஹனோயைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியே 1950களில் புதுச்சேரியில் தன் கிளையை நிறுவியது. 1956 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ழான் பிலியோசா. 1964 சனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியலார் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபொழுது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. தமிழாய்வுக்கான முதல் அனைத்துலகக் கழகம், வியட்நாமிய ஆய்வில் பிறந்த நிறுவனம் ஒன்றின் தலைவரைத் தனக்கும் தலைவராகக் கொண்டிருந்தது.

ஆய்வுப் பொருளிலும் இவ்வுறவு புலப்படும். ஞாத்ராங் நகருக்கு அருகில் வோகான் என்னுமிடத்தில் கிடைத்த வடமொழிக் கல்வெட்டில் இடம்பெறும் 'ஸ்ரீமாறன்' என்னும் பெயரைப் பாண்டியர் பெயரான மாறனோடு பிலியோசா தொடர்புபடுத்தினார். அக்கல்வெட்டின் காலம் பற்றியும் அரசமரபு பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. நம் மேடைகளில் அவ்வேறுபாடுகள் மறைந்து, 'வியட்நாமை ஆண்ட தமிழன்' என்னும் முழக்கமாக அச்செய்தி சுருங்கிவிடுகிறது. ஒரு கருதுகோள் முழக்கமாகத் திரியாமல் காப்பது தனியொருவரால் ஆகாது. மறுப்பையும் வெளியிடும் இதழும், அதனைக் கேட்டு விடையிறுக்கும் அவையும் வேண்டும்.

அண்மைக்கால வரலாறு இதனினும் அவசரமானது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர் கொச்சின்சீனாவின் சுங்கம், வரி, காவல் ஆகிய துறைகளில் பணியாற்றினர். நகரத்தார் அங்குக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். தமிழ் முசுலிம்கள் வணிகம் செய்தனர். சைகோனின் மாரியம்மன் கோயிலும் தெண்டாயுதபாணி கோயிலும் இன்றும் அவர்தம் வாழ்வுக்குச் சான்றாக நிற்கின்றன. 1954இலும் 1975இலும் நிகழ்ந்த மாற்றங்களால் பெரும்பாலோர் வெளியேறினர். அவ்வாழ்வை நேரில் அறிந்தோர் இன்று மிக முதியோர். அவர்தம் பேச்சைப் பதிவுசெய்வதற்கு எஞ்சியுள்ள காலம் சில ஆண்டுகளே.

இவ்வாய்வுக்கு வேண்டும் கருவிகளை எண்ணிப் பார்ப்போம். வியட்நாமிய மொழி, பிரெஞ்சு, தமிழ் ஆகியவற்றோடு சம்பா பற்றி ஆராய்வோர்க்கு வடமொழியும் சாம் மொழியும் தேவை. ஆவணங்களோ எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சு, ஹோசிமின் நகரம், புதுச்சேரி, எழும்பூர் எனப் பிரிந்து கிடக்கின்றன. இவை அனைத்தையும் ஒருவரே கைக்கொள்ளல் அரிது. ஒருவர் படித்ததை மற்றொருவர் பயன்கொள்ளுமாறு செய்யும் ஏற்பாட்டிற்கே கழகம் என்று பெயர்.

மன்றம் தரும் படிப்பினை

தனிநாயகம் அடிகளாரும் கமில் சுவெலபிலும் செயலாளர்களாகப் பொறுப்பேற்றுத் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் வரலாறு நமக்கு இருவகையிலும் பாடமாகும். கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிசு 1970, யாழ்ப்பாணம் 1974 என முதல் நான்கு மாநாடுகள் எட்டாண்டுகளுக்குள் நடந்தேறின. அதன்பின் மதுரை 1981, கோலாலம்பூர் 1987, மொரீசியசு 1989, தஞ்சாவூர் 1995 என இடைவெளி சீரற்றுப் போயிற்று. ஒன்பதாம் மாநாடு கூட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2015இல் அது கோலாலம்பூரிலும், பத்தாம் மாநாடு 2019இல் சிகாகோவிலும் நடைபெற்றன.

இவ்விடைவெளிகளுக்குத் தனிமனிதர் எவரையும் குறைகூறுதல் பொருந்தாது. மாநாடு நடவாத ஆண்டுகளில் ஒரு கழகம் யாது செய்யும் என்னும் வினாவிற்கு அமைப்பிலேயே விடை இல்லாமற் போனதே காரணம். மாநாட்டுக்குப் பெருநிதி வேண்டும். அந்நிதி அரசிடம் உண்டு. எனவே மாநாட்டின் நாளும் அரசின் நாட்காட்டியைப் பற்றியே அமைந்தது. 2010ஆம் ஆண்டு மாநாட்டுக்கான அறிவிப்பு வெளிவந்தபோது, அன்றைய தலைவர் நொபொரு கராசிமா ஆய்வுரைகளை ஆயத்தம் செய்யப் போதிய காலம் வேண்டுமென்றார். முடிவில் அம்மாநாடு மன்றத்தின் சார்பில் அன்றி, அரசின் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடாகவே சூன் திங்களில் கோவையில் நிகழ்ந்தது. கட்டுரை எழுதுவதற்கு ஆகும் காலமும் விழா எடுப்பதற்கு ஆகும் காலமும் ஒன்றல்ல என்பதே அந்நிகழ்வின் சாரம்.

அரசின் புரவு தீது என்பது இதன் கருத்தன்று. 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், மதுரை மாநாடு நடந்த 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தோன்றின. மன்றம் 1969இல் தொடங்கிய ஆங்கில ஆய்விதழை அந்நிறுவனமே பின்னர் ஏற்று நடத்தியது. இதழ் நிலைத்தமைக்குக் காரணம் அதற்கென ஓர் அலுவலகமும் ஊதியம் பெறும் அலுவலரும் இருந்தமையே. ஆகவே புரவலர் யார் என்பதைக் காட்டிலும், கிடைக்கும் பொருள் பந்தலுக்குச் செல்கிறதா, பணிக்குச் செல்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வியட்நாமிய ஆய்வுலகின் நடைமுறையும் இதனையே உணர்த்தும். ஐரோப்பிய ஆய்வாளர் 1993இல் கோபன்ஹேகனில் கூடி 'யூரோவியட்' மாநாட்டு வரிசையைத் தொடங்கினர். வியட்நாம் அரசின் ஆதரவில் ஹனோயில் 1998இல் தொடங்கிய அனைத்துலக வியட்நாமிய ஆய்வு மாநாடு 2004, 2008, 2012 எனத் தொடர்ந்தது. அமெரிக்காவில் வியட்நாமிய ஆய்வுக்குழு தனித்து நில்லாமல் ஆசிய ஆய்வுக் கழகம் என்னும் பேரமைப்பின் உறுப்பாகச் சேர்ந்துகொண்டது. பேரமைப்பு ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவதால் சிறுகுழு தனக்கென மண்டபம் தேட வேண்டியதில்லை. தன் ஆற்றலைக் கல்வியில் செலுத்தலாம். 2006 முதல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வியட்நாமிய ஆய்வுக்கென்றே தனி இதழ் ஒன்றை வெளியிட்டு வருகிறது. போரின் நினைவால் பிளவுண்ட அறிவுலகில், எதிரெதிர்க் கருத்துடையார் ஒரே இதழில் எழுத இயன்றமை சிறு வெற்றி அன்று.

வடசென்னை ஏன்?

இத்தகைய கழகத்தின் இருப்பிடம் புதுச்சேரியாகவோ காரைக்குடியாகவோ அன்றோ அமைய வேண்டும் எனச் சிலர் வினவலாம். அவ்விரு இடங்களும் ஆய்வுக்களங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் கழகத்தின் இருப்பிடம் வடசென்னையாக இருத்தற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, கீழ்த்திசைக் கடல் வாழ்வின் நினைவு இங்கு ஏட்டில் அன்றித் தெருவில் உள்ளது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றனர். பர்மாவிலிருந்து மீண்டோர் வியாசர்பாடியில் குடியமர்ந்தனர். அவர்கள் கொணர்ந்த அத்தோ கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலைதோறும் விற்பனையாகிறது. தென்கிழக்கு ஆசியா இப்பகுதி மாணவர்க்குப் பாடநூலில் மட்டும் காணும் நிலப்பரப்பு அன்று.

இரண்டாவது, ஒப்பாய்வுக்குரிய இன்றைய சிக்கல்கள் இங்கு உள்ளன. 2016 ஏப்ரலில் வியட்நாமின் ஹாதின் பகுதியில் எஃகு ஆலையின் கழிவால் நடுவண் கடற்கரை மாகாணங்கள் நான்கில் மீன்கள் பெருமளவில் மடிந்தன. பார்மோசா நிறுவனம் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. மீனவரும் தன்னார்வலரும் அதனை வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. இழப்பை அளந்தவர் யார், ஈட்டை வகுத்தவர் யார், மீனவர் குரல் எவ்விடத்தில் கேட்கப்பட்டது என்னும் வினாக்கள் இரு கரைகளுக்கும் பொதுவானவை. இவற்றை ஒப்பிட்டு ஆராயும் நூல் ஒன்று தமிழில் வருமாயின், அதனை முதலில் படிப்போர் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருப்பர். அசோக் லேலண்டும் என்பீல்டும் வளர்ந்த இத்தொழிற்பட்டையின் உழைப்பு வரலாறு, புதிதாக வரும் வியட்நாமிய வாகனத் தொழிலை அளந்தறியவும் துணைபுரியும்.

மூன்றாவது, பழைய வண்ணாரப்பேட்டைத் தியாகராயர் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி ஆகியவற்றில் பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அனைத்துலக ஆய்வின் வாயில் இன்னும் திறக்கவில்லை. ஆய்வுக் கழகங்கள் நகரின் தென்பகுதியிலேயே கூடும் வழக்கம் மாறினால், கூட்டத்துக்கு வருவோரும் மாறுவர். வருவோர் மாறினால் வினாக்களும் மாறும்.

ஆய்வு வசதியற்ற பகுதி இது என்பாருக்குத் திருவொற்றியூரே விடை பகரும். அங்குத் தியாகராசர் கோயிலின் வியாகரணதான மண்டபத்தில் இலக்கணம் கற்பிக்கப்பட்டதையும், ஆசிரியர், மாணாக்கர் ஆகியோரைப் பேணவும் மண்டபத்தைப் பராமரிக்கவும் நிலம் கொடையளிக்கப்பட்டதையும் சோழர்காலக் கல்வெட்டுச் சுட்டும். திருவிழாவுக்கென விடப்பட்ட நிவந்தங்கள் பல. இஃது அன்றாடக் கல்விக்கென விடப்பட்டது. ஒரு கல்வி அமைப்பு நிலைக்க வேண்டுமாயின் அன்றாடச் செலவுக்கு வழி வகுத்தல் வேண்டும் என்பதை அக்கால மக்கள் அறிந்திருந்தனர்.

நடத்தும் முறை

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுதலும் கணக்கை ஒப்படைத்தலும் அச்சட்டம் விதிக்கும் கடமைகள். பலர் இவற்றைச் சுமையாகக் கருதுவர். உண்மையில் ஒரு கழகத்தின் உயிர் இக்கடமைகளில்தான் உள்ளது. உறுப்பினர் பதிவேடு யாரிடம் உள்ளதோ அவரிடமே கழகம் உள்ளது. அப்பதிவேடு ஒருவரது வீட்டு அலமாரியில் இருப்பின், அவரது மறைவுக்குப்பின் கழகமும் மறையும்.

எனவே முதல் ஐந்தாண்டுகளுக்குச் சில வரையறைகளை முன்வைக்கலாம். செயலாளர் பதவி மூன்றாண்டுக்கு மேல் ஒருவரிடம் தொடர்தல் கூடாது. அடுத்த செயலாளர் இறுதி ஓராண்டு உடனிருந்து பணி கற்றல் வேண்டும். இதழாசிரியரைச் செயற்குழு அமர்த்தலாம். ஆனால் கட்டுரைத் தேர்வில் குழு தலையிடல் ஆகாது. மாணவர்க்குச் சந்தா பேருந்துக் கட்டண அளவில் இருத்தல் நலம். திரட்டும் நிதியில் முதற்பங்கு வியட்நாமிய மொழி வகுப்புக்கும், அடுத்த பங்கு சைகோன் மீண்டோரின் வாய்மொழிப் பதிவுக்கும் உரியதாகுக. அப்பதிவுகளின் படி ஒன்று பல்கலைக்கழக நூலகத்திலும் மற்றொன்று பதிவளித்த குடும்பத்தாரிடமும் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு இதழ் போதும். அது குறித்த திங்களில் வெளிவருதல் வேண்டும். மாநாடு வேண்டின் வேறு வரலாற்றுப் பேரவைகளின் ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அமர்வைக் கேட்டுப் பெறலாம். தனி மாநாடு ஐந்து இதழ்கள் வெளிவந்த பின்னரே எண்ணத்தக்கது.

இவை சிறிய பணிகள். எவரும் மாலை சூட்டிப் பாராட்டாத பணிகள். பெருநிறுவனம் ஒன்று நன்கொடை தர முன்வந்து, தன் பெயரில் விழா ஒன்றை மட்டும் எடுக்கக் கேட்குமாயின், அதனை மறுக்கும் துணிவு செயற்குழுவுக்கு வேண்டும். அத்துணிவைத் தருவது சந்தா செலுத்தும் நூறு உறுப்பினரின் பெயர்ப்பட்டியலே. அப்பட்டியலைத் தொடங்க எழுவர் போதும். இவ்விதழைப் படிப்போரில் அவ்வெழுவர் இருத்தல் கூடும்.