பில்லில் உடையும் ஸ்ரீவில்லிபுத்தூர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை விற்கிற எங்கள் மாமா கடைப் பில்லில்தான் ஊர்ப் பெயரைத் தமிழில் அடிக்க வழியில்லை. கட்டம் கட்டமாக வருகிறது.

ராஜபாளையத்தில் மெஷின் விற்றவரைக் கேட்டால், "சாஃப்ட்வேர்காரங்களக் கேளுங்கண்ணே" என்கிறார். சாஃப்ட்வேர் தம்பியோ, "மெஷின்ல தமிழ் ஃபாண்ட் இல்லண்ணே" என்று போனை வைத்துவிடுகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதுதான் எரிச்சல்.

இந்த பில் பிரிண்டருக்குள் ஒரு சிப்பில் எழுத்து வடிவங்களைப் பதித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் எண்களை அனுப்பும், பிரிண்டர் வரைந்துகொள்ளும். ஆங்கிலத்துக்கு அது போதும்; வந்த வரிசையில் அடுக்கினால் வேலை முடிந்தது. நம் எழுத்து அப்படியா? 'ராஜபாளையம்' என்பதில் ளகரம் முதலில், இணைக்கொம்பு பிறகு என்றுதான் யூனிகோடில் சேமிக்கிறோம். தாளில் கொம்பு முன்னால் வரவேண்டும். 'ஸ்ரீ' இன்னும் மோசம்: ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என நான்கு எண்கள் கூடி ஒரே உருவமாக வேண்டும். ஃபாண்டை ஏற்றிவிட்டால் மட்டும் இது நடக்காது.

மாற்று வழி, பில்லையே படமாக வரைந்து அனுப்புவது. 58 மி.மீ. தாள் மெஷினில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள்தான். எழுத்தைச் சிறிதாக்கினால் சுழியெல்லாம் அப்பிக்கொள்கிறது, பெரிதாக்கினால் தாள் முழ நீளம் போகிறது. மாமாவின் மெஷினோ படம் என்றாலே விக்கி விக்கி அடிக்கிறது. ஆடிப்பூரக் கூட்டத்தில் அதற்கு யார் காத்து நிற்பார்கள்? மாமா ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டார்.

தமிழ் யூனிகோடில் ஏறியது 1991-ல். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனே தயாரிக்கிறார்கள். சாதாரண போனில்கூட 'ஸ்ரீ' ஒழுங்காகத் தெரிகிறது. எழுத்தைக் கோக்கிற வேலை யாருடையது என்று போனில் முதலிலேயே முடிவு செய்திருக்கிறார்கள். பில் மெஷினிலோ மெஷின் ஒருவர், சாஃப்ட்வேர் இன்னொருவர். விற்பதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு தமிழ் பில் அடித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

பில் மெஷின் வாங்கப் போகிறவர்களே, விலை பேசுமுன் உங்கள் ஊர்ப் பெயரையும் சரக்குப் பெயர்களையும் தமிழில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிக்காத மெஷினுக்குப் பணம் எண்ணாதீர்கள்.