கவசமா, பெயர்ச் சீட்டா?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரேம் என்ற ஞாபக அட்டை இப்போதெல்லாம் கவசம் அணியாமல் வெளியே தலைகாட்டுவதில்லை. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு. மேலே சீப்புப் பல் மாதிரிச் செதில்கள். காசு இருப்பவர்களுக்கு வர்ண விளக்கும் உண்டு. கடையிலிருந்தே கவசத்தோடு வருவது ஒரு ரகம். வெறும் அட்டையை வாங்கியவர்கள், 'ஹீட் சிங்க்' என்ற அந்தத் தகட்டைத் தனியாக வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்வது இன்னொரு ரகம். நான் சண்டைக்கு வந்திருப்பது இரண்டாவது ரகத்தாரோடு. அதிலும் குறிப்பாக, தகடு நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக, அட்டையின் மேல் தயாரிப்பாளர் ஒட்டி அனுப்பிய லேபிளை நகத்தால் சுரண்டிக் குப்பையில் போடுகிறார்களே, அந்தக் காரியத்தோடு.

"ஒரு துண்டுக் காகிதம்! அதற்கு இவ்வளவு பெரிய வழக்கா?" என்று கேட்பார்கள். காகிதம் துண்டுதான். பிறப்புச் சான்றிதழும் துண்டுக் காகிதம்தான்.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். ரேமுக்கும் உஷ்ணத்துக்கும் பகை என்பது உண்மை. ரேமில் ஒவ்வொரு தகவல் துளியும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்சாரம். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டுக்கு 1968-ல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல அந்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, டி.டி.ஆர். 4 வகை அட்டையில் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எல்லாக் குடங்களையும் நிரப்பியாக வேண்டும். சில்லின் உஷ்ணம் 85 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால் கசிவு அதிகம். அப்போது 32 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். குளிரவைத்தால் கதை நேர்மாறு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குளிர்ந்த ரேம் நிமிஷக் கணக்கில் விஷயத்தை மறக்காமல் வைத்திருந்ததைப் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் காட்டினார்கள். சுருங்கச் சொன்னால், சூடு ஏறினால் ரேமுக்கு மறதி ஏறும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை அடுத்த படியில்தான். சாதாரண வீட்டு இயந்திரத்தில் ரேம் அந்த 85 டிகிரியை எட்டிப் பார்க்கிறதா? முதல் தலைமுறை டி.டி.ஆர். அட்டைக்கு 2.5 வோல்ட் தேவைப்பட்டது. பிறகு 1.8 ஆயிற்று, 1.5 ஆயிற்று, டி.டி.ஆர். 4-ல் 1.2, டி.டி.ஆர். 5-ல் 1.1. வேகம் பல மடங்கு கூடியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் ஓர் அட்டை முழுவதும் சாப்பிடுவது சில வாட் மின்சாரம்தான். அதுவும் எட்டு, பதினாறு சில்லுகளுக்குப் பங்காகப் போகிறது. பக்கத்திலேயே பிராசஸர் அறுபது, நூறு வாட்டை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்தப் பரம சாதுவுக்குப் போர்க்கவசம் எதற்கு?

இரவு பகலாக ஓய்வில்லாமல் உழைக்கும் பெரிய சர்வர்களைத் திறந்து பாருங்கள். அங்கே வரிசையாக நிற்கும் ரேம் அட்டைகளில் பெரும்பாலானவை மேல்சட்டை இல்லாமல், லேபிள் பளிச்சென்று தெரிய நிற்கின்றன. அவற்றைக் காப்பது தகடல்ல. விசிறி அனுப்பும் காற்று. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் எவ்வளவு அழகான தகட்டை ஒட்டினாலும், அந்தத் தகடும் சேர்ந்து சுடும், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? காரணத்தோடுதான் வந்தது. 1999 வாக்கில் வந்த ராம்பஸ் ரேமில் ஒரு சமயத்தில் ஒரே சில்லு முழு வேலையையும் சுமந்தது. அந்த ஓரிடம் மட்டும் கொதித்தது. சூட்டைப் பரப்பத் தகடு வேண்டியிருந்தது. 2006-ல் சர்வர்களுக்கென்று வந்த ஒரு வகை அட்டையின் நடுவில் இருந்த தாங்கல் சில்லு ஒன்றே பல வாட் சூட்டைக் கக்கியது. அதற்கும் தகடு நியாயம். அந்த இரண்டு வகையும் மலையேறிப் போயின. காரணம் போய்விட்டது, வேஷம் மட்டும் தங்கிவிட்டது. நோய் தீர்ந்த பிறகும் பத்தியம் இருக்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இன்றைக்கும் தகடு தேவைப்படுகிறவர்கள் உண்டு. விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதற்காக வோல்ட்டை ஏற்றுகிறவர்கள் அவர்கள். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், அதே வேகத்திலேயே சூடு கால் பங்குக்கு மேல் கூடும். டி.டி.ஆர். 5 அட்டையில் மின்சாரத்தைச் சீர்செய்யும் சில்லும் அட்டை மேலேயே ஏறிக்கொண்டது. விரட்டும்போது அதற்கும் சூடு உண்டு. அவர்கள் தகடு ஒட்டட்டும். ஆனால் அவர்களும் லேபிளை எறிய வேண்டாம் என்பதே என் வாதம்.

அந்த லேபிளில் என்னதான் எழுதியிருக்கிறது? '8 ஜி.பி. 1 ஆர்-எக்ஸ்-8 பி.சி.4-2400 டி-யு' என்று மந்திரம் மாதிரி ஒரு வரி இருக்கும். மந்திரம் அல்ல, சுத்தமான தமிழில் பெயர்த்துவிடலாம். கொள்ளளவு எட்டு ஜிகாபைட்; சில்லுகள் ஒரே அணியாக நிற்கின்றன; ஒவ்வொரு சில்லின் அகலமும் எட்டு பிட்; வகை டி.டி.ஆர். 4, வேகம் 2400. கடைசியில் வருகிற எழுத்துத்தான் முக்கியம். 'யு' என்றால் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு உரியது. அந்த இடத்தில் 'ஆர்' என்று இருந்தால் சர்வருக்கு உரியது. இரண்டும் ஒரே நீளம். ஒரே இடத்தில் வெட்டுப் பள்ளம். ஒரே பொருத்தியில் 'டக்'கென்று உட்காரும். ஆனால் சர்வர் அட்டையைச் சாதாரண இயந்திரத்தில் போட்டால் இயந்திரம் எழுந்திருக்காது.

இப்போது ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். புதிது வாங்கக் கையில் காசு போதாமல் பழைய ரேம் தேடிப் போகிறான். வியாபாரி ஓர் அட்டையை நீட்டுகிறார். லேபிள் இல்லை, எப்போதோ ஒரு ரசிகர் சுரண்டி எறிந்துவிட்டார். சில்லுகளின் முதுகில் பொறித்த எழுத்தையாவது படிக்கலாம் என்றால், அவற்றின் மேல் சிவப்புத் தகடு. சர்வர் அட்டையின் நடுவில் இருக்கும் தனிச் சில்லைக் கண்டாவது அடையாளம் தெரிந்துகொள்ளலாம் என்றால், அதுவும் தகட்டுக்கு அடியில். முகத்தையும் மூடிவிட்டு, பெயரையும் அழித்துவிட்டு, "நம்பி வாங்கு" என்றால் அவன் எதை நம்புவது? தகட்டைப் பிய்த்துப் பார்க்கலாம் என்றால், பசையோடு சில்லும் கழன்று வந்துவிடும் அபாயம் இருக்கிறது. அலங்காரம் செய்தவருக்கு அதில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. நஷ்டம் எல்லாம் அவருக்குப் பின்னால் வருகிற ஏழைக்கு.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். "அந்த விவரமெல்லாம் அட்டையிலேயே எஸ்.பி.டி. என்ற சின்னச் சில்லில் பதிந்திருக்கிறதே, காகிதம் எதற்கு?" என்பார்கள். இருக்கிறது, ஐயா. ஆனால் அந்தச் சில்லைப் பேச வைக்க வேண்டுமானால், அட்டையை ஓடுகிற இயந்திரத்தில் பொருத்த வேண்டும். செத்த அட்டை பேசாது. பொருந்தாத அட்டையும் பேசாது. மேலும், சில்லில் எழுதியதை மாற்றி எழுதவும் வித்தை உண்டு. லேபிளிலும் பொய் எழுத முடியும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆகவேதான் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறேன். ஒரு சாட்சியைக் கொன்றுவிட்டு, மற்றவன் யோக்கியன் என்று சத்தியம் செய்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அடுத்த வாதம், காகிதம் சூட்டைத் தடுக்கிறது என்பது. தடுக்கிறதுதான். எவ்வளவு? கணக்குப் போடுவோம். எட்டுச் சில்லுகள் உள்ள அட்டை மூன்று வாட் சாப்பிட்டால், சில்லு ஒன்றுக்கு அரை வாட்கூட இல்லை. சில்லின் முதுகு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். லேபிளின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. முழுச் சூடும் லேபிள் வழியாகவே போயாக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று நாலு டிகிரிதான் வித்தியாசம் வரும். உண்மையில் ஒரு பகுதிச் சூடு அடியில் பலகை வழியாகவும் இறங்கிவிடுவதால், வித்தியாசம் இன்னும் குறைவு. இந்த மூன்று டிகிரிக்காகவா சாட்சியை எரிப்பது?

லேபிளே தகடாக இருந்த கதையும் உண்டு. ரேமின் பங்காளியான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு அட்டையில் நடந்தது அது. 2016-ல் வந்த சாம்சங் 960 வரிசையில், சூட்டைப் பரப்புவதற்கென்றே லேபிளுக்குள் மெல்லிய செம்புப் படலம் வைத்திருந்தார்கள். ஹீட் சிங்க் ஒட்டும் ஆவேசத்தில் அந்த லேபிளை உரித்தவர், செம்பை எறிந்துவிட்டு அலுமினியத்தை ஒட்டிக்கொண்டார்!

நிறுவனங்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. அடையாளச் சீட்டு வேறு. மிரட்டல் சீட்டு வேறு. வரிசை எண் உள்ள லேபிளைக் கிழித்தால் வாரண்டி இல்லை என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் பொருள் என்று தெரியாமல் எதை மாற்றித் தருவது? ஆனால் 'இந்த முத்திரையை உடைத்தால் வாரண்டி போச்சு' என்று ஒட்டுகிறார்களே, அது வாங்கினவனை அவன் பொருளிடமிருந்தே விரட்டும் தந்திரம். அமெரிக்காவில் 1975-ம் வருஷத்து வாரண்டிச் சட்டத்தைக் காட்டி, 2018 ஏப்ரலில் மத்திய வர்த்தகக் கமிஷன் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு கமிட்டி அமைத்தது. மிரட்டல் சீட்டுகள் பெருகப் பெருக, ஜனங்களுக்கு எல்லாச் சீட்டுகள் மேலும் கோபம் வந்துவிடுகிறது. அந்தக் கோபத்தில் அடையாளச் சீட்டும் சேர்ந்து உரிபடுகிறது. இந்தப் பாவத்தில் பாதி நிறுவனங்களைச் சேரும்.

தகடு ஒட்டியே தீருவேன் என்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். முதலில் அட்டையின் இரு பக்கத்தையும் எழுத்துத் தெரியப் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி இருக்கும்வரை லேபிளைத் தொட வேண்டாம். அதன் மேலேயே சூடு கடத்தும் மெத்தையை வைத்துத் தகட்டைப் பொருத்துங்கள். செதிலின் உயரம் பிராசஸரின் விசிறியோடு இடிக்குமா என்று அளந்துகொள்ளுங்கள். லேபிளை எடுத்தே ஆக வேண்டுமானால், தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, மூலையிலிருந்து மெதுவாக உரித்து, தகட்டின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். கவசத்தோடு விற்கும் தயாரிப்பாளர்களே அங்கேதான் ஒட்டுகிறார்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒன்றின் லேபிளை மற்றதற்கு மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

பத்து நிமிஷ வேலை இது. உங்களுக்குப் பிறகு அந்த அட்டை யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அவரும் அதைப் படித்துப் பார்த்து வாங்கட்டும்.