இணைய இணைப்புக்கு இவ்வளவு பெரிய சேர்வர் எதற்கு?

எமது வர்த்தகர்கள் சரக்குக் கொள்வனவில் ஐந்து சதத்துக்கும் பேரம் பேசுவார்கள். கணனி விடயம் என்று வந்துவிட்டால் மட்டும், நீட்டப்படும் விலைமனுவில் அப்படியே கையொப்பமிட்டு விடுகிறார்கள். கெய்சர் வீதியில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் அப்படியொரு விலைமனுவை என்னிடம் காட்டினார். கடையிலும் மேல்மாடிக் களஞ்சியத்திலுமாகப் பன்னிரண்டு கணனிகள். அவற்றுக்கு இணையத்தைப் பகிர்ந்து கொடுப்பதற்கு, இரண்டு புரொசசர்களும் 64 ஜிபி நினைவகமும் கொண்ட, வெளிநாட்டில் பாவித்துக் கழித்த சேர்வர் ஒன்று! "சாமானுக்கு இது மலிவு நானா" என்றாராம் விற்க வந்தவர்.

வாங்கும் விலை மலிவுதான். வைத்திருக்கும் செலவு? அத்தகைய பழைய சேர்வர் வேலையின்றி இருக்கும்போதே 150 வொட் அளவில் மின்சாரம் இழுக்கக்கூடியது. இரவு பகலாக ஓடினால் முப்பது நாளைக்கு 108 யூனிட். 15 வொட்டில் இயங்கும் சிறிய பெட்டிக்கு 11 யூனிட் கூட வராது. சேர்வரின் சூட்டையும் இரைச்சலையும் தாங்க ஏசி அறை வேறு தேடவேண்டும்.

இந்த இயந்திரம் செய்வது வாசல் காவலாளியின் வேலை. உள்ளே வருவதைப் பார்க்கும், வெளியே போவதைப் பார்க்கும், ஆகாததை மறிக்கும். 2000ஆம் ஆண்டுகளில் இணைப்பின் வேகம் குறைவு என்பதால், ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்க ஸ்குவிட் என்ற மென்பொருளைப் பாவித்தோம். அதற்குப் பெரிய வன்தட்டும் நினைவகமும் உதவின. இன்று ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் மறைகுறியாக்கப்பட்டே வருவதால் இடையில் நிற்கும் இயந்திரத்தால் அவற்றைச் சேமிக்க முடியாது. காரணம் போய்விட்டது, விற்பனைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

நான்கைந்து கணனிகள் உள்ள கடைக்கு மைக்ரோடிக் போன்ற சிறிய ரவுட்டர் ஒன்றே தாராளம். பத்து இருபது கணனிகளும், கிளையுடன் பாதுகாப்பான தொடர்பும் வேண்டுமென்றால் பாவித்த அலுவலகக் கணனி ஒன்றைத் தேடுங்கள். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. இன்டெல் ஆறாம் தலைமுறைக் கணனிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கின்றன. எமது வேலைக்கோ விண்டோஸே தேவையில்லை. ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு 8 ஜிபி நினைவகமும் சிறிய எஸ்எஸ்டி ஒன்றும் போதும். இரண்டாவது நெட்வேர்க் கார்ட் ஒன்று போடவேண்டி வரும். அதை மட்டும் இன்டெல்லாகப் பார்த்து வாங்குங்கள். ரியல்டெக் கார்ட்களில் சில அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டும். புதிதாகவே வேண்டுமென்பவர்களுக்கு, 2023இல் வந்த இன்டெல் என்100 சிப் பொருத்திய, நான்கு துளைகளுள்ள சிறு பெட்டிகள் இருக்கின்றன.

மிஞ்சும் பணத்தில், ஃபைபர் அறுந்தால் தானாக மாறிக்கொள்ள 4ஜி இணைப்பு ஒன்று எடுங்கள். அடுத்தது யூபிஎஸ். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். பல கடைகளில் கணனிக்கு யூபிஎஸ் இருக்கும், ஃபைபர் பெட்டி மட்டும் நேரே சுவர் பிளக்கில் செருகியிருக்கும்! கரண்ட் போனதும் கணனி எரியும், இணையம் இராது. கணக்கு விபரங்களை இந்த வாசல் இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம், அவற்றுக்கு வேறு கணனியும், கடைக்கு வெளியே ஒரு பிரதியும் வேண்டும்.

பொருத்தித் தரும் தம்பியிடம் அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வாங்கி இரும்புப் பெட்டியில் வையுங்கள். நாளைக்கு அவர் கட்டாருக்குப் போய்விட்டால் உங்கள் வாசல் திறப்பும் அவரோடு போய்விடும்.