பின்னூட்டம் என்ற சொல்லும் பிள்ளைப்பாக்கத்துக் கைகளும்

இலக்கிய இதழ் வாசகர்களுக்குப் 'பின்னூட்டம்' என்ற சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இணையத்தில் எழுதத் தொடங்கிய தலைமுறை அதை வாசகர் மறுமொழிக்கு ஆக்கிக்கொண்டது. பாராட்டும் வசையும் அதற்குள் அடங்கின. ஆனால் அச்சொல் சுட்டும் கருத்தின் பிறந்த வீடு பொறியியல். ஒரு பொறி தான் செய்த வேலையின் விளைவைத் தன்னை இயக்குபவனுக்குத் திருப்பித் தருவதே அங்கே பின்னூட்டம். நாம் அதை வாய்க்கு உரியதாக்கினோம். பிள்ளைப்பாக்கத்து இளைஞர்கள் சிலர் அதை மீண்டும் கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் பாவனைக் கருவியின் ஸ்டியரிங் சக்கரத்துக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. திரையில் ஓடும் காரின் முன்சக்கரங்கள் என்ன விசையைச் சந்திக்கின்றனவோ அதை அம்மோட்டார் ஓட்டுபவன் கைக்குத் தருகிறது. 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' என்கிறார்கள். விசைப் பின்னூட்டம் என்று நாம் சொல்வோம். அதை எவ்வளவு தரவேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவரவர் கைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதற்கு ஒரு கல்வி தேவைப்படுகிறது. அக்கல்வியைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் இலக்கிய நண்பர்கள் சிரித்தார்கள். விளையாட்டுச் சாமானைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதா என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

அந்த ஏளனத்தை முதலில் முடித்துவிடுவோம். 1946இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியது பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறை. அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாயிற்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1920களின் இறுதியில் தம் தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு ஒரு பாவனை விமானம் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் அமெரிக்க இராணுவம் வாங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் கால விமானிகள் அதில்தான் பழகினார்கள். இன்னும் அருகில் வருவோம். 2010இல் ஒரகடத்தில் ரெனோவுடன் சேர்ந்து ஆலை திறந்த நிசான், அதற்கு இரண்டாண்டு முன்பே சோனியுடன் சேர்ந்து, கணினிப் பந்தயக்காரர்களைத் தேர்ந்து உண்மைப் பந்தயத்துக்கு அனுப்பும் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. 2011இல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ, 2013இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடித் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். பொம்மை எது, தொழில் எது என்ற எல்லைக்கோட்டைப் புத்தக அலமாரிக்கு முன் நின்று போட முடியாது.

நிற்க. பிள்ளைப்பாக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரியும் சிப்காட்டும் உள்ள ஊர். ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர், அதற்கப்பால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் 3.717 கிலோமீட்டர் நீளப் பந்தயத்தடத்தை அமைத்தது அந்த இருங்காட்டுக்கோட்டையில்தான். கார் செய்கிறவர்கள், டயர் செய்கிறவர்கள், காரைச் சோதிக்கிறவர்கள், பந்தயம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்குள் அடங்கிய நிலம் தமிழகத்தில் வேறில்லை.

இந்நிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் நாம் படித்தவை பெரும்பாலும் இரங்கற்பாக்கள். வயல் போயிற்று, ஏரி சுருங்கிற்று, ஒப்பந்தத் தொழிலாளியின் தூக்கம் போயிற்று. அவ்வளவும் உண்மை. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது இப்பகுதி இளைஞர்கள் பட்டதை அருகிருந்து பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் இழந்ததை மட்டும் எழுதி, கற்றதை எழுதாமல் விடுவது என்ன நியாயம்? ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதை டார்க் ரென்ச்சின் 'கிளிக்' ஒலிக்கு முன்பே மணிக்கட்டால் அறிகிறவன் நம் கதைகளில் வெறும் பலியாளாகவே வருகிறான். அவன் கைக்கு அறிவு உண்டு என்று எழுத நம் படைப்பாளிகளுக்கு ஏனோ மனம் வருவதில்லை.

விசைப் பின்னூட்டம் கைக்கு என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். கார் வளைவில் திரும்பும்போது டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு. அந்த ரப்பர், சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் இடையே முறுகிக்கொள்கிறது. அப்போது பக்கவாட்டு விசை அந்த உள்ளங்கையின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தச் சிறு தூரமே நெம்புகோலாகிச் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. முன்சக்கர அச்சின் சாய்வும் அதற்குத் துணை செய்கிறது. நம் கையை எதிர்த்து ஸ்டியரிங் திரும்பிவர முயல்வது இதனால்தான். வளைவு இறுக இறுக இந்த எதிர்ப்பு கூடும். ஆனால் டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே எதிர்ப்பு குறையத் தொடங்கிவிடும். விசை விழும் புள்ளி முன்னோக்கி நகர்ந்து நெம்புகோல் குட்டையாகிவிடுவதே காரணம். கார் நழுவுவதற்கு முன் கை இலேசாகும் என்று சுருங்கச் சொல்லலாம். கண் அறிவதற்கு முன் கை அறியும் செய்தி இது. ஓட்டுநர் திறமையென்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு நொடிக்கும் குறைந்த முன்னறிவிப்பைக் கேட்பதுதான்.

பாவனைக் கருவியின் கணக்கும் இதையே போடுகிறது. அசெட்டோ கோர்சா என்னும் மென்பொருள் நொடிக்கு 333 முறை இக்கணக்கைச் செய்கிறது. கணக்கு சரியாக இருந்தும் அதைப் பேசவேண்டிய மோட்டார் ஏழையாக இருப்பதில்தான் சிக்கல். பரவலாக விற்கும் லாஜிடெக் ஜி29 போன்ற பற்சக்கரக் கருவிகள் தருவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கைப் பொருத்தும் 'டைரக்ட் டிரைவ்' வகைகள் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை தருகின்றன, விலையும் அதற்கேற்ப. ஆலைச் சம்பளத்தில் வாழ்பவன் ரிச்சி தெருவில் பழைய ஜி27 தேடி அலைகிறான்.

இனி நம் சண்டைக்கு வருவோம். கருவி வாங்கியவுடன் பெரும்பாலோர் செய்வது விசையை நூறு சதவீதத்துக்கு ஏற்றுவது. கை நோகிறது, ஆகவே உண்மை போலிருக்கிறது என்று மகிழ்கிறார்கள். நடப்பது என்ன? ஒரு வளைவுக்கு மென்பொருள் கேட்பது 140 என்று வையுங்கள். மோட்டாரால் முடிவது 100. நூறுக்கு மேற்பட்டதெல்லாம் வெட்டுப்பட்டு நூறாகவே வரும். 'கிளிப்பிங்' என்பது இதுதான். டயர் பிடி விடப்போகும்போது 140 என்பது 115ஆகக் குறைகிறது. கைக்கு வருவதோ அப்போதும் நூறுதான். எந்தச் செய்திக்காகக் கருவி வாங்கினோமோ அந்தச் செய்தி மட்டும் வரவில்லை. உரத்துக் கத்துகிற ஸ்டியரிங் ஊமை ஸ்டியரிங். (பெயரடையும் வியப்புக்குறியும் நிறைந்த நம் சில கவிதைகளையும் இங்கே நினைத்துக்கொண்டால் அது வாசகர் பொறுப்பு.)

இரண்டாவது கூட்டம் எண்களை இரவல் வாங்குவது. 'செட்டிங் அனுப்பு' என்பதே இவர்கள் மந்திரம். எங்கோ ஒரு ஜெர்மானியர் தம் 12 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கும் தம் தோள்வலிமைக்கும் பொருந்த எழுதிவைத்த எண்களைப் பிள்ளைப்பாக்கத்து 2 நியூட்டன் மீட்டர் பற்சக்கரத்தில் ஏற்றிவிட்டு, சரியில்லையே என்று முணுமுணுக்கிறார்கள். பிரேசிலின் ரெய்சா நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆட்டோமொபிலிஸ்டா 2 மென்பொருளில், விசை எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதையே ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதிக்கொள்ளும் சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது. அச்சுதந்திரத்தையும் பெரும்பாலோர் பிறர் எழுதிய கோப்பை நகலெடுத்து ஒட்டுவதற்கே பயன்படுத்துகிறார்கள். மூலநூலைத் திறக்காமல் கோனார் உரையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நம் வகுப்பறைப் பழக்கம் ஸ்டியரிங் வரை வந்துவிட்டது. இதில் மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழக்கியவர்கள் நாமே, ஆசிரியர் குலத்தார்.

செய்யவேண்டியது சலிப்பூட்டும் வேலை. ஒரு காரை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு தடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், மாற்றக்கூடாது. வெட்டுப்படும்போது சிவக்கும் பட்டை ஒன்றைத் திரையில் காட்டும் வசதி உண்டு. மிகக் கடுமையான வளைவில் மட்டும் அது சிவப்பைத் தொட்டு மீளும்வரை விசையைக் குறைக்க வேண்டும். அடுத்தது எதிர்ப்பக்கக் குறை. பற்சக்கரக் கருவியில் உராய்வு அதிகம். மெல்லிய விசைகள் அதைத் தாண்டி வரமாட்டா. அதற்குக் குறைந்தபட்ச விசை என்றொரு எண் உண்டு. சற்று ஏற்றினால் நேர்சாலையின் மெல்லிய பேச்சும் கேட்கும். மிகுந்துவிட்டால் கையை விட்டவுடன் ஸ்டியரிங் தானே இருபுறமும் ஆடத் தொடங்கும். நுணுக்கமாகச் செய்ய விரும்புவோர், விசையைப் படிப்படியாக ஏற்றிச் சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் வீல்செக் நிரலை ஓடவிட்டு, அந்த அளவிலிருந்து தம் கருவிக்கே உரிய திருத்த அட்டவணையைச் செய்து அசெட்டோ கோர்சாவில் சேர்க்கிறார்கள். ஒரே மாடலில் இரண்டு கருவிகளுக்கு ஒரே அட்டவணை பொருந்துவதில்லை, தேய்மானம் வேறு. சாலை அதிர்வு, ஓரக்கல் அதிர்வு என்று சேர்க்கப்படும் ஒப்பனைகளை முதலில் அணைத்துவிடுவதே நல்லது. மென்மையாக்கும் வடிகட்டியைக் கூட்டினால் கைக்கு இதமாக இருக்கும், செய்தியோ தாமதித்து வரும். ஒருமுறைக்கு ஓர் எண், ஐந்து சுற்று, குறிப்பேட்டில் ஒரு வரி. இவ்வளவுதான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்பவர்கள் தம் காரை எண்ணிப் பார்க்கட்டும். இன்று வரும் கார்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். எவ்வளவு உதவவேண்டும், தரையிலிருந்து வரும் செய்தியில் எதைக் கைக்கு விடவேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு நிரல். அந்த நிரலை எங்கோ யாரோ அமர்ந்து, நாம் மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேட்டு அமைக்கிறார்கள். ஒரகடத்தில் மைய அரசின் வாகன ஆராய்ச்சி நிலையமே சோதனைத் தடங்களோடு இருக்கிறது. அந்த இருக்கைகளுக்குப் போகக்கூடிய கை பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறது. அந்தக் கைக்குத் தன் அறிவைச் சொல்லும் மொழி இருக்கிறதா என்பதே கேள்வி.

மொழி இருக்கிறது. நாம்தான் அதை மதிப்பதில்லை. 'ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு', 'வண்டி இடப்பக்கம் இழுக்குது', 'லேசா பிடிக்குது', 'கையில அடிக்குது' என்று லாரி ஓட்டுநரும் பட்டறைக்காரரும் சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறைக் குறிக்கும் துல்லியமான கலைச்சொல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது உற்றறிவை முதலாவதாக வைக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் உரியது என்கிறது. முதலாவது என்பதைக் கீழானது என்று படித்துப் பழகிவிட்டார்கள் நம் புலவர்கள். காட்சிக்கும் ஓசைக்கும் ஆயிரம் சொல் தேடும் திறனாய்வு, ஊறு என்ற புலனுக்கு வந்ததும் 'தழுவல்', 'தென்றல்' என்று இரண்டோடு நின்றுவிடுகிறது.

நம்மிடம் படிக்கும் மாணவர் ஒருவர், இரவுப் பணி முடித்து வகுப்புக்கு வருபவர், இத்தொழில் வழித்தடத்தின் ஓட்டுநர், பட்டறை, பாவனைப் பந்தயச் சொற்களைத் திரட்டி முதுகலை ஆய்வேடு செய்ய விரும்பினார். 'ஐயா, வண்டி நழுவறதுக்கு முன்னாடி கை லேசாகும்ல, அதுக்கு ஆளாளுக்கு ஒரு சொல் வச்சிருக்காங்க' என்று அவர் சொன்னபோது, தொகுப்பதற்குத் தகுந்த பொருள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். உரியவர்கள் 'இலக்கியத் தொடர்பற்றது' என்று ஒரு வரியில் திருப்பியனுப்பினார்கள். மாற்றாக அவருக்குத் தரப்பட்ட தலைப்பு, இதற்குமுன் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணச் சலிப்புத் தட்டும் ஒரு காப்பியத்தில் இயற்கை வருணனை. அகராதிக்குச் சொல் இல்லை என்று மேடைதோறும் அழுகிறவர்களும், சொல்லோடு வந்தவனை வாயிலில் நிறுத்துகிறவர்களும் ஒரே ஆட்கள். இவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆக்கும் சொற்களைப் பட்டறையில் எவரும் சொல்வதில்லை என்பதில் வியப்பென்ன?

ஆய்வேடு நடக்கவில்லை, சேகரிப்பு நிற்கவில்லை. ஞாயிறுதோறும் சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பட்டறைகளில் குறிப்பேட்டுடன் அவரைப் பார்க்கலாம். கை இலேசாவதற்கு இதுவரை அவர் எழுதிவைத்திருப்பவை 'விட்டுக்குடுக்குது', 'காத்தாயிடுச்சு', 'தண்ணில ஓட்டுற மாதிரி' என்பவை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்காரர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருப்பார்கள் என்பது அவர் துணிபு, நம்முடையதும் அதுவே. அப்பக்கத்து வாசகர்கள் கேட்டு எழுதினால் அவருடைய குறிப்பேட்டில் சேர்ப்போம்.